படகு எங்கே?



நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போடுகிறவர்கள் யார் யார் என்பது எனக்கு உங்கள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் சில படங்கள் போட்டிருந்தான். அவன் ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறான். அந்தச் சங்கத்துக்குள்ளேயே படகு ஓட்டப் பிரியப்படுகிறவர்கள் தனியாக ஒரு சர்வதேசக் குழு வைத்திருக்கிறார்களாம். அதில் அவனுக்கு இந்த வருஷம் ஒரு பொறுப்பு. காலையில் பாய்மரப் படகில் கடலுக்குப் போய்வந்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, தொப்பி, கொடி, சிரிப்பு. மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்கு நோட்டும், நாலு பெண்களுக்குத் தையல் மெஷினும் கொடுத்திருக்கிறார்கள். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் இரண்டே வார்த்தை எழுதினேன்: "படகு எங்கே?"

அவ்வளவுதான், குழு ரெண்டுபட்டுப் போயிற்று. "நல்லது செஞ்சாலும் குறையா பெரியம்மா?" என்று அவன் கேட்டான். "அக்கா ரிட்டயர் ஆனாலும் சிவப்பு மை இன்னும் தீரலை" என்று என் தம்பி. சிலர் தனியாக போன் செய்து, பையன் மனசு கஷ்டப்படுகிறான், ஒரு வார்த்தை நல்லதாகப் போட்டுவிடுங்கள் என்றார்கள். போடுகிறேன். ஆனால் ஒரு வார்த்தையில் முடியாது.

படகில் போய் நாலு பேரோடு சந்தோஷமாக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இந்த மாதிரிக் குழுக்களில் பழையது, ரோட்டரி உறுப்பினர்கள் 1947இல் இங்கிலாந்தில் தொடங்கிய பாய்ப்படகுத் தோழமை. ரோட்டரிச் சக்கரம் போட்ட சின்னக் கொடியைப் படகில் கட்டிக்கொள்வார்கள். தலைவருக்கு கமோடோர் என்று கப்பற்படைப் பட்டம். தெரியாத ஒரு தேசத்துத் துறைமுகத்தில் போய் நிற்கும்போது பக்கத்துப் படகில் அதே கொடி பறந்தால், கை கொடுத்துப் பேசலாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், கொடியை மாற்றிக்கொள்ளலாம். படகு சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, ஆர்வம் இருந்தால் போதும். மனிதர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள இது நல்ல வழிதான். நம் ஊரிலேயே இதற்கு வயசு அதிகம். அடையாறு ஆற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இல் வந்தது. கொழும்பு துடுப்புப்படகுக் கழகத்தோடு இவர்கள் நடத்தும் பந்தயம் 1898இல் ஆரம்பித்தது. துறைமுகப் பக்கம் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911இல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அப்போது துறைமுகத்தின் தலைவர். இரண்டு ஊர் இளைஞர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் துடுப்புப் போட்டு சிநேகம் வளர்த்திருக்கிறார்கள் என்றால் அதை ஏன் குறை சொல்ல வேண்டும்?

(போட் கிளப் ரோடு என்றால் இன்று எல்லோருக்கும் மனையின் விலைதான் ஞாபகம் வருகிறது. அது தனிக் கதை.)

என் சண்டை தோழமையோடு இல்லை, தர்மத்தோடு. காலையில் படகில் போகிறார்கள். மத்தியானம் தர்மம் செய்ய வரும்போது படகைக் கரையில் கட்டிவிட்டு, ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் நோட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நகைக்கடைக்காரர்கள் சங்கமும் நோட்டுதான் கொடுக்கிறது. குடியிருப்போர் சங்கமும் நோட்டுதான். நடிகரின் பிறந்தநாளுக்கும் நோட்டுதான். தண்ணீரைத் தெரிந்தவர்கள், காற்றைப் பார்த்துத் திசை சொல்லத் தெரிந்தவர்கள், கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் எதற்கு நோட்டு கொடுக்க வேண்டும்?

நான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள். நோட்டு கொடுக்கும் விழா எப்படி நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எந்தச் சங்கம் என்று பெயர் சொல்லமாட்டேன், ஒன்றைப் போலத்தான் எல்லாம். பத்து மணிக்கு வருகிறோம் என்பார்கள். ஒன்பதரைக்கே பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைக்க வேண்டும். இரண்டு பீரியட் போச்சு. பதினொன்றே காலுக்குக் கார் வரும். ஃப்ளெக்ஸ் பேனரில் கொடுப்பவர்கள் படம் பெரிசாக, பள்ளியின் பெயர் கீழே சின்னதாக. வரவேற்புரை, சால்வை, நினைவுப் பரிசு. ஒருமுறை வாங்குகிற பிள்ளை போட்டோவில் குனிந்துவிட்டது என்று திரும்ப வரிசையில் நிற்கவைத்து, கொடுத்த பையை வாங்கித் திரும்பக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இத்தனைக்கும் அரசாங்கம் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ் வரை கொடுக்கிறது. பீரோவில் மிச்ச நோட்டுகளை எலி தின்னும். நல்ல மனசோடுதான் வந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் பள்ளிக்கு என்ன தேவை என்று வருவதற்கு முன்னால் கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்: எங்கள் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது.

இதை எழுதும்போது கை நிற்கிறது. என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், பெயர் வேண்டாம், கணக்கில் கெட்டிக்காரன். முழுஆண்டுத் தேர்வு கடைசி நாள், பரீட்சை பேப்பரைக் கொடுத்துவிட்டு மூன்று பேராக நேரே மெரினா போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அவன் விடைத்தாளை நான்தான் திருத்தினேன். சென்னையில் ஆசிரியராக இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பரீட்சை முடிகிற நாள், காணும் பொங்கல், ஆடிப்பெருக்கு, கோடை விடுமுறை. மறுநாள் பேப்பரில் இரண்டு அங்குலச் செய்தி.

கடலோரம் இருக்கும் ஊர் என்றால் எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதிலிருந்து இரண்டு தெரு உள்ளே வந்தால் தெரியாது. மயிலாப்பூர் சந்துகளிலும், தி.நகரில் கடைகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள் வீட்டிலும், ஹவுசிங் போர்டு பிளாக்குகளிலும் இருக்கிற பிள்ளைகள் எங்கே போய் நீச்சல் கற்பார்கள்? கிணறு இல்லை. கபாலி கோவில் தெப்பக்குளத்தில் இறங்க முடியாது. கிளப்புகளில் நீச்சல் குளம் இருக்கிறது, அது அவர்களுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம். மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது, ஆனால் பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

நம் தேசத்தில் ஒரு வருஷத்தில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் 30,000க்கும் மேல் என்று அரசாங்கத்தின் விபத்துக் கணக்கே சொல்கிறது. உலகம் முழுக்க 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதே வருஷம் ஐ.நா. சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. என்ன செய்யலாம் என்பதற்கும் அந்த நிறுவனம் சில வழிகள் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் ஜாக்கிரதையும் சொல்லிக்கொடுப்பது. நீச்சல் குளம் கட்ட வேண்டுமே என்று பயப்படாதீர்கள். பங்களாதேஷில் ஊர்க் குளத்துக்குள் மூங்கில் கட்டி ஒரு தளம் செய்து, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு காலடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். இப்படி லட்சக்கணக்கான பிள்ளைகள் கற்றார்கள். மூங்கிலுக்கு நம்மிடம் பஞ்சமா?

இனி சரித்திரத்துக்குக் கொஞ்சம் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போட் கிளப் ஆரம்பித்த 1867இல் மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் அலைக்கு அப்பால் நிற்கும். துரைமார்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் மசூலா படகில் ஏற்றி அலையைக் கடந்து கொண்டுவந்தவர்கள் நம் கரையோர மீனவர்கள். ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினாலும் விலகிக் கொடுக்கும், உடையாது. கடுமையான அலையில் கடிதத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோனது கட்டுமரம். அந்தச் சொல்லைத்தான் கட்டமரான் என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. யாட் கிளப்புகளில் லட்சக்கணக்கில் விலை போகும் இரட்டை உடல் படகுக்கு நம் குப்பத்து வார்த்தைதான் பெயர். அப்படி மீனவர் கையைப் பிடித்துக் கரையேறிய துரைமார்கள்தான் ஆற்றங்கரையில் கிளப் வைத்தார்கள். அவர்கள் ஊரிலோ 1824இலேயே ஒரு தர்மம் தொடங்கியிருந்தது. புயலில் கப்பல் உடைந்தால் கரையிலிருந்து தன்னார்வலர்கள் உயிர்காப்புப் படகில் போய் ஆளைத் தூக்கிவரும் அமைப்பு அது. இன்றைக்கும் ஜனங்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது, படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். இங்கே வந்தவர்கள் பந்தயத்தைக் கொண்டுவந்தார்கள், கோப்பையைக் கொண்டுவந்தார்கள், உடுப்பு விதிகளைக் கொண்டுவந்தார்கள். அதை மட்டும் கொண்டுவரவில்லை. நாமும் சுதந்திரம் வாங்கிய பிறகு கோப்பையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி உங்களில் பல பேருக்கு மறந்திருக்காது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அடையாறு கரை தெரியாமல் போயிற்று. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, மணப்பாக்கம் எல்லாம் முதல் மாடி வரை தண்ணீர். மொட்டை மாடியில் நின்று கத்தினால் யார் வந்தார்கள்? ராணுவம் வந்தது, பேரிடர் மீட்புப் படை வந்தது. அவர்களோடு, பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், காசிமேடு என்று கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தெருவில் என்ன கம்பி இருக்கிறது, எந்தச் சுவர் முழுகியிருக்கிறது என்று தெரியாமல் துடுப்பையும் கழியையும் வைத்துத் துழாவிக்கொண்டே போனார்கள். இந்த முகநூலில் இருக்கிற என் மாணவி ஒருத்தியின் தாத்தாவை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தது அப்படி வந்த ஒரு தம்பிதான். பெயர்கூடக் கேட்கவில்லையே டீச்சர் என்று இன்றும் சொல்லுவாள். 2018இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோதும் இதே கதை. மீனவர்களைக் கேரளத்தின் சொந்த ராணுவம் என்று முதலமைச்சரே சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் மறுபடி படகு ஓடியது.

பந்தயத் துடுப்புப்படகு கத்தி மாதிரி ஒல்லியாக இருக்கும், அதில் இன்னொரு ஆளை ஏற்ற முடியாது. எனக்குத் தெரியும். வெள்ளத்தில் அதைக் கொண்டு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. சங்கங்கள் அந்த நாட்களில் சாப்பாடும் போர்வையும் கொடுத்தன, நன்றி. நான் கேட்பது அடுத்த வெள்ளத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதை. குப்பத்தில் முப்பது படகுக்கு லைஃப் ஜாக்கெட், டார்ச், கயிறு வாங்கிக்கொடுத்து, முதலுதவிப் பயிற்சி நடத்தி, வெள்ளத்தில் இஞ்ஜின் போனால் ரிப்பேருக்கு ஒரு தொகை ஒதுக்கிவைத்து, தெருவாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டு வைத்தால் அது படகுக்காரர்கள் படகுக்காரர்களுக்குச் செய்யும் தோழமை. கொடி மாற்றிக்கொள்ள சிங்கப்பூர் வரை போகிறவர்கள் பட்டினப்பாக்கம் வரை வரக்கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குப் பிடிக்காது. ஆற்றங்கரையில் யார் இருக்கலாம் என்ற கேள்வி. வெள்ளத்துக்கு அப்புறம் கரையோரக் குடிசைகளை எடுத்து ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். ஆறு அகலமாக வேண்டும், ஆபத்தான இடம், எல்லாம் சரி. ஆனால் பள்ளி வருஷத்தின் நடுவில் வருகைப் பதிவேட்டில் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தவள் நான். அதே ஆற்றின் கரையில் கிளப்பும் இருக்கிறது, பங்களாக்களும் இருக்கின்றன. அவர்களை எழுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆற்றோடு வளர்ந்த பிள்ளைக்கு ஆற்றைப் பார்க்கவே இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டியிருக்கிறது. ஆற்றில் ஓட்டுகிறவர்கள் அந்தப் பிள்ளைக்குச் செய்யக்கூடியது நோட்டு கொடுப்பதா, அல்லது ஒரு சனிக்கிழமை ஆற்றைத் திருப்பிக் காட்டுவதா என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"அவங்க பணம், அவங்க இஷ்டம்." சரி. ரகசியமாகக் கொடுத்தால் அவர்கள் இஷ்டம். பேனர் கட்டி, பிள்ளைகளின் முகத்தை உலகம் முழுக்கக் காட்டி, அதை வைத்து அடுத்த வருஷம் பதவிக்கு வரும்போது நான் கேள்வி கேட்கலாம்.

"பாய்ப்படகு பணக்கார விளையாட்டு, ஏழைப் பிள்ளைக்கு எதுக்கு?" இதைச் சொன்னது நம் வீட்டிலேயே ஒருவர். உங்களுக்கு ஆப்டிமிஸ்ட் என்ற படகின் கதை தெரியுமா? இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் குட்டிப் பாய்ப்படகு அது, நம் யாட் கிளப்பிலும் உண்டு. 1947இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் கிளியர்வாட்டர் என்ற ஊரில் பிறந்தது. அந்த ஊரில் ஆப்டிமிஸ்ட் கிளப் என்று ஒரு சேவைச் சங்கம், நம் ரோட்டரி, லயன்ஸ் மாதிரி. அவர்கள் பையன்களுக்கு மரப்பெட்டி வண்டிப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து, இது கடல் ஊராச்சே, வண்டிக்குப் பதில் படகு கொடுத்தால் என்ன, 50 டாலருக்குள் முடிய வேண்டும் என்று கேட்டார். கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் இரண்டு பிளைவுட் பலகையில் அடங்கும்படி ஒன்றை வரைந்துகொடுத்தார். அந்தப் படகின் பெயரே அந்தச் சங்கத்தின் பெயர். ஒரு சேவைச் சங்கம் நோட்டுக்குப் பதிலாகப் படகைக் கொடுத்ததால் வந்த வினை இது! பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் நம் சென்னைப் பெண், அவர் ஆரம்பித்ததும் ஒரு கோடை முகாமில்தான். அப்படி ஒரு முகாம் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாடிக்கையாக ஏன் நடக்கக்கூடாது?

கடலே இல்லாத ஊர்க்காரர்கள் செய்துகாட்டிவிட்டார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஹைதராபாதில் ஹுசேன் சாகர் ஏரியில் சுஹைம் ஷேக் என்பவர் 2009இல் ஒரு யாட் கிளப் தொடங்கினார். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளும் பாய்ப்படகு கற்று, தேசியப் பந்தயங்களில் பதக்கம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். போபாலில் ஏரியை நம்பி ஒரு பாய்ப்படகுப் பள்ளி. மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் பக்கத்து விவசாயியின் மகள் நேஹா தாக்கூர் அங்கே பயின்று, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினாள். அவள் ஊரிலிருந்து கடல் எத்தனை தூரம் என்று மேப்பில் பாருங்கள். நமக்கு வாசலில் வங்காள விரிகுடா. இங்கேயும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முயற்சிகள் நடந்திருக்கலாம், செய்தவர்களுக்கு என் வணக்கம். அங்கொன்று இங்கொன்று என்பதுதான் என் புகாரே.

"பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" இதுதான் கொஞ்சம் மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள், தண்ணீரில் ஆபத்தில்லாமல் இருப்பது எப்படி என்பதுதானே இவர்களுக்குத் தெரிந்த வித்தை? அவர்கள் கிளப்பில் எந்தப் படகும் காவல் படகு இல்லாமல் பந்தயத்துக்குப் போவதில்லை. எட்டு வயதுச் சொந்தப் பேரனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏற்றத் தெரிந்தவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளிப் பேரனுக்கும் மாட்டத் தெரியும். எதுவும் ஆகிவிடக்கூடாது என்று நாம் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாததால்தான் அவர்கள் யாரிடமும் சொல்லாமல் போகிறார்கள்.

"அடையாறு சாக்கடை, அதுல யாரு இறங்குவா?" உண்மைதான். முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் தண்ணீர் தேங்கி, நாற்றம் எல்பீ ரோடு வரை வரும். ஆனால் அந்தத் தண்ணீரின் மேல் தினமும் காலையில் துடுப்புப் போடுகிறவர்கள்தான், இத்தனை கழிவை யார் விடுகிறார்கள் என்று அதிகாரிகளை விடாமல் கேட்க வேண்டியவர்கள். கமிஷனரோடு டீ குடிக்கிறவர்கள் கேட்டால் ஒரு மதிப்பு, குடிசைக்காரர் கேட்டால் ஒரு மதிப்பு. வருஷத்துக்கு ஒருநாள் பெசன்ட் நகர் கடற்கரையில் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பொறுக்குவதைவிட அது கஷ்டமான வேலை. பேனரும் கிடைக்காது. அதுவரை நீச்சலுக்குக் குளம் இருக்கிறது, படகுக்கு முட்டுக்காடு இருக்கிறது.

"குப்பத்துப் பிள்ளைக்கு நாம நீச்சல் சொல்லித்தரணுமா டீச்சர்?" இது என் மாணவன் ஒருவன் கேட்டது, நல்ல கேள்வி. வேண்டாம். அவர்கள் சொல்லித்தரட்டும். குப்பத்தில் பத்தொன்பது இருபது வயதில் கடலை நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் வேலை இல்லாமல் டெலிவரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, சம்பளம் போட்டு, அவர்களை ஆசிரியர்கள் ஆக்குங்கள். கமோடோர் பட்டத்துக்கு அவர்களைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் யார்?

சேவைச் சங்கங்களால் எதுவும் ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். 1995இல் தேசம் முழுக்க பல்ஸ் போலியோ ஆரம்பித்ததிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமை பூத் டூட்டி பார்த்தவள். ஐஸ் பெட்டி, சொட்டு மருந்து, சுண்டு விரலில் மை. பூத்தில் எங்களோடு ரோட்டரிக்காரர்கள் பந்தல் போட்டார்கள், டீ கொண்டுவந்தார்கள், வராத வீடுகளுக்கு எங்களோடு படியேறினார்கள். அந்த அமைப்பு 1979இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, 1985இல் உலகம் முழுக்கப் போலியோவை ஒழிப்பது என்று சபதம் எடுத்தது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் சான்றிதழே வந்துவிட்டது. முப்பது வருஷம் ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், அதே மனிதர்களால் இது முடியும். போலியோவுக்கு ஒவ்வொரு குழந்தையாகக் கணக்கு எடுத்தவர்கள் நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கணக்கு எடுக்க முடியாதா? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, மூன்று பகுதியிலும் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம்.

உங்களில் நாலு பேர் இந்த மாதிரிச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஒருவன் துபாயில் பாய்ப்படகு ஓட்டுவதாகப் படம் போட்டிருந்தான், சிட்னியில் ஒருத்தி இருக்கிறாள். உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த வருஷத் திட்டத்தில் நோட்டு, பை, தையல் மெஷின் என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பள்ளியின் ஒரு வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், பன்னிரண்டு சனிக்கிழமை. முதல் எட்டு வாரம் குளத்தில் நீச்சல். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர், உடை மாற்ற மறைவான இடம், முழுக்கால் நீச்சல் உடை. இது இல்லாவிட்டால் ஒரு அம்மாவும் அனுப்பமாட்டாள், முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் நாலு வாரம் முட்டுக்காட்டில் படகு. குப்பத்து இளைஞர்கள் நாலு பேருக்குச் சம்பளம். வேன் வாடகை. காலை டிபன், ஏனென்றால் வெறும் வயிற்றில் வரும் பிள்ளைகள் இருப்பார்கள்.

என்னிடம் மூன்று தலைமை ஆசிரியைகளின் நம்பர் இருக்கிறது. அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், நான் கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில் புரியும்படி நானே எழுதித்தருகிறேன். வீட்டுக்கு வீடு போய் அம்மாக்களிடம் பேசுவதும் என் வேலை. முட்டி வலி இருக்கிறது, மாடிப்படி ஏற மட்டும் யாராவது கூட வாருங்கள். விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் "டீச்சர், நான்" என்று போட்டுவிட்டு இன்பாக்ஸில் வாருங்கள். போட்டோகிராபர் வேண்டாம்.